முந்திச் சொன்ன பாங்கு

தஸ்தகீர் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்ததைக் கேட்டதும் நீங்கள் அவன் மேல் பாய்ந்துவிடுவீர்கள். பதினோரு வருஷமாகச் செஞ்சியில் ஒரு தெருப் பள்ளிவாசலுக்கு அவன்தான் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்வான். தொட்டியைத் தேய்த்துக் கழுவுவான். பாய் விரிப்பான், ஃபேன் போடுவான், யாராவது இறந்து ஜனாஸா விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பான். இத்தனை வருஷத்தில் ஒரு பாங்குகூட முந்தியதில்லை, பிந்தியதில்லை.

கெடுத்தது கைப்பேசி என்று ஒரேயடியாகப் பழி போட்டுவிடலாம். அதுவும் நியாயமில்லை. கைப்பேசி என்ன, தானாக எழுந்து மொட்டை மாடிக்கா போயிற்று? கோட்டை பார்க்க வந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஒரு நாள் தஸ்தகீர் பாங்கு சொல்வதைப் படம் பிடித்து, ராஜகிரி மலையோடு சேர்த்து இன்ஸ்டாவில் போட்டுவிட்டார். இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘மாஷா அல்லாஹ், என்ன குரல்’ என்று மலேசியாவிலிருந்து ஒருத்தர் எழுதியதை அவன் மனைவி பல்கீஸிடம் நாலு தடவை படித்துக் காட்டினான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. சொந்தமாக ஒரு பக்கம் ஆரம்பித்தான். ஸ்டாண்டு வாங்கினான். மைக் ஒயரை மொட்டை மாடி வரைக்கும் இழுத்தான். பாங்கு சொல்கிறவன் மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். செஞ்சியில் அப்படி நின்றால் ராஜகிரி முகத்துக்கு நேரே வரும். ஆனால் படத்தில் மலையும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும். அதற்காக ஸ்டாண்டை இடது பக்கம் வைத்தான். பிறகு முகம் சரியாக விழவில்லை என்று தோளைக் கொஞ்சம் திருப்பினான். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். எட்டு மாதத்தில் எவ்வளவு திரும்பியிருந்தான் என்று அவனுக்கே தெரியாது.

சுவர்க் கடிகாரமும், அதன் கீழே ஒட்டியிருந்த செஞ்சி ரமலான் நேர அட்டையும் கீழேயே இருந்தன.

இருபத்திரண்டாவது நோன்பு, வியாழக்கிழமை. வெயில் அன்றைக்குத் தெருவில் ஒரு நாயைக்கூட விட்டுவைக்கவில்லை. நோன்பு திறக்கும் மஃரிபுப் பாங்குக்குக் கால் மணி இருக்கும்போதே தஸ்தகீர் மேலே போய் லைவ் போட்டான். எழுநூற்று நாற்பது பேர். அதுவரைக்கும் லைவில் அத்தனை பேர் வந்ததே இல்லை. கமெண்டுகள் சரசரவென்று ஏறிக்கொண்டிருந்தன. சலாம் சொல்கிறவர்கள், துஆ கேட்கிறவர்கள், திண்டிவனத்திலிருந்து பார்க்கிறேன், தமாமிலிருந்து பார்க்கிறேன். வெயில் மலைக்குப் பின்னால் போய் அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. செஞ்சியில் மேற்கே அடிவானம் எங்கே தெரிகிறது, மலைதானே தெரிகிறது! சூரியன் அஸ்தமித்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல அங்கே யாராலும் ஆகாது. அட்டையும் கடிகாரமும்தான் கதி.

அப்போது மளமளவென்று வந்தன. ‘டைம் ஆச்சு பாய்.’ ‘நோன்பு திறந்தாச்சு, அல்ஹம்துலில்லாஹ்.’ ‘பாங்கு சொல்லுங்க பாய், வெயிட்டிங்.’

தஸ்தகீருக்குத் திக்கென்றது. லைவ் ஓடும்போது திரையில் மணி தெரியாது; கமெண்டு படித்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டோம் என்று பதறிப்போனான். பையிலிருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு விழுங்கினான், மைக்கைத் தட்டினான், கையைக் காதில் வைத்தான், எடுத்தான் பாருங்கள் பாங்கை! குரல் அன்றைக்கு என்னவோ கணீரென்று வந்தது. திரையில் இதயங்கள் பறந்தன.

பாங்கில் ஷஹாதத் வரிகளை முடித்து, தொழுகைக்கு அழைக்கும் ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’வுக்கு மூச்சு இழுக்கும்போது கண் தானாகத் திரைக்குப் போயிற்று. வந்தவாசி நிஜாம் என்ற பெயரில் ஒரு கமெண்டு நின்றது. ‘பாய், உங்க ஊருக்கு 6.24 ஆச்சே? இப்ப 6.20தான். மெட்ராஸ் டைமுக்கு சொல்றீங்களா?’

அந்த ஒரு மூச்சில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ‘நோன்பு திறந்தாச்சு’ என்றவர்கள் சென்னைக்காரர்கள். அங்கே நாலு நிமிஷம் முன்னால். இங்கே இன்னும் சூரியன் இறங்கவில்லை. கீழே பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் முதல் ‘அல்லாஹு அக்பர்’ கேட்டதுமே வாயில் போட்டிருப்பார்கள்.

நிறுத்தியிருக்கலாம். ‘யாரும் எதுவும் சாப்பிடாதீங்க, டைம் தப்பாயிட்டுது’ என்று மைக்கிலேயே கத்தியிருக்கலாம். தெருவில் பாதிப் பேராவது தப்பித்திருப்பார்கள், துஆ ஓதிக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தான் திறக்கலாம் என்று இருந்தவர்கள். ஆனால் எழுநூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! பாதிப் பாங்கில் நிறுத்தினால் சிரிக்க மாட்டார்களா?

தஸ்தகீர் மூச்சை இழுத்தபடியே ‘ஹய்ய அலஸ் ஸலாஹ்’ என்று நீட்டினான். கடைசி வரைக்கும் அழகாகச் சொல்லி முடித்தான்.

கீழே இறங்கி வந்தான். கஞ்சிக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. வடையைக் கடிக்கிறார்கள், சர்பத்தை மடக்மடக்கென்று குடிக்கிறார்கள். பரீத் பாய் தூணோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெல் வந்து இறங்கும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பது வயசு. எழுபத்தைந்து கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நோன்பும் வைப்பார், ஒன்றுகூட விட மாட்டார். அன்றைக்கு இரண்டு லாரி ஏற்றிவிட்டு வந்திருந்தார். உதடு வெடித்துக் கிடந்தது.

“வா தஸ்தகீரு,” என்றார் பரீத் பாய். மூன்று கிளாஸ் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் அவருக்குக் குரலே வந்தது. “இன்னைக்கு உன் பாங்கு கேட்டப்பதான் உசுரே வந்துச்சு. இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா இங்கயே சாஞ்சிருப்பேன்.”

தஸ்தகீர் ஏதோ சிரித்து வைத்தான். சரியாக அந்த நேரம் பார்த்துப் பஜார் பக்கத்துப் பள்ளியிலிருந்து பாங்கு கேட்டது.

“அவங்களுக்கு இன்னைக்கு லேட்டு,” என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். தஸ்தகீர் கஞ்சியைக் கையால் தொடவில்லை.

தொழுகை தொடங்கப்போகிறது என்று இகாமத் சொல்லி முதல் வரிசையில் நின்றான். கை கட்டியதும் ஜிப்பாப் பையில் கைப்பேசி உறுமியது. ஒரு தடவை, இரண்டு தடவை. நிஜாமாக இருக்குமோ? இன்னும் யாராவது அந்தக் கமெண்டைப் பார்த்திருப்பார்களோ? நம் தெருவிலேயே அறுபது எழுபது பேர் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்களே! தொழவைக்கும் ஹஜ்ரத் எந்த அத்தியாயம் ஓதினார் என்று அவனுக்குத் தெரியாது. எல்லாரும் ருகூவுக்குக் குனிந்த பிறகு இவன் ஒருவன் நட்ட மரமாக நின்றுகொண்டிருந்தான். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோதும் உள்ளே ஓடியது ஒன்றுதான். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் ஓடிப்போய் அந்தக் கமெண்டை அழிக்க வேண்டும்.

அழித்தான். செருப்பு விடுகிற இடத்தில், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அழித்தான். அழித்ததும் மனசு லேசாகும் என்று பார்த்தால் முன்னைவிடக் கனத்தது.

வீட்டுக்குப் போனதும் பல்கீஸ் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “இன்னாங்க, மூஞ்சி இப்படித் தொங்கிப் போயிருக்குது? இன்னைக்கு யாரும் பாக்கலியா?” என்று கேலி செய்தாள்.

“தலவலி,” என்றான்.

அன்றைக்குத் தூக்கம் ஏது? விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கைப்பேசியைத் திறந்தால் நிஜாம் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ‘பாய், கமெண்ட்ட எடுத்துட்டீங்க, பரவால்ல. ஆனா ஜனங்களுக்குச் சொல்லிட்டீங்களா? அவங்க அந்த நோன்புக்குப் பதிலா இன்னொரு நாள் நோன்பு களா வெக்கணுமே.’ மிரட்டல் இல்லை, திட்டு இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பான்.

விடிகாலை ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும் முத்தவல்லியை ஓரமாகக் கூப்பிட்டான். முத்தவல்லி அன்வர்தீன், பஜாரில் உரக்கடை வைத்திருப்பவர். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில். நேற்று பாங்கு நாலு நிமிஷம் முந்திவிட்டது, கமெண்டைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று சொன்னான். பாதியிலேயே தெரிந்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்து உள்ளே போய்விட்டது.

முத்தவல்லி தாடியைத் தடவினார். “நாலு நிமிசம்தானே? மலைக்குப் பின்னாடி போன சூரியனை எவன் எட்டிப் பாத்தான்? ரமலான் கடைசிப் பத்து நாள் நடக்குது, ஜனங்க அமைதியா தொழுது அமல் செய்யற நேரம். நம்ம பள்ளி பேரு துபாய் வரைக்கும் போயிருக்குது, நீயே கெடுத்துடாத. தெரியாம நடந்தது. அல்லா மன்னிப்பான், போய் வேலையப் பாரு.”

தெரியாம நடந்தது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டான். வாசலுக்கு வந்ததும் அது கையை விட்டு நழுவிவிட்டது. பல்கீஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான். இந்தத் தடவை மூச்சு இழுத்த அந்த இடத்தையும் விடாமல் சொன்னான்.

அவள் கையிலிருந்த துணியைப் பிழியாமலே கொடியில் போட்டாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தெரிஞ்ச பிறகும் சொல்லி முடிச்சீங்களா?”

“ஆமா.”

“அப்ப அந்தப் பாங்க யாருக்குச் சொன்னீங்க?”

அல்லாஹ் பெரியவன் என்று ஊருக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டே எழுநூற்று நாற்பது பேரைப் பெரியவர்களாக்கிவிட்டு வந்திருக்கிறான். தெரு ஜனங்கள் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஆளின் குரலை நம்பி வாயைத் திறக்கிறார்கள். நம்பி ஒப்படைப்பதில் அதைவிடப் பெரிய அமானிதம் உண்டா? பல்கீஸ் சமாதானம் சொல்லவில்லை. “ஜும்ஆவுக்கு எல்லாரும் வருவாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜும்ஆவுக்குப் பள்ளி நிறைந்து வெளியே தார்ப்பாய் வரைக்கும் ஆள். முதல் பாங்கை அன்றைக்குக் கீழேயே நின்று, அட்டையைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடியும் அட்டையைப் பார்த்துச் சொன்னான். மேலே ஸ்டாண்டு தனியாக நின்றது. தொழுகை முடிந்து ஜனங்கள் எழுவதற்குள் மைக்கைக் கையில் எடுத்தான். எடுத்தவன் சுவரோரம் போய் வெளி ஒலிபெருக்கிக் குழாய் சுவிட்சையும் போட்டான். வீட்டில் இருக்கும் பொம்பளைகளும் அவன் பாங்கைக் கேட்டுத்தானே நோன்பு திறந்தார்கள், அவர்களுக்கும் கேட்க வேண்டும். முத்தவல்லி கண்ணை உருட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு விஷயம் சொல்லணும். நேத்து மஃரிபு பாங்கு நாலு நிமிசம் முன்னாடியே சொல்லிட்டேன். யாரெல்லாம் அதக் கேட்டு நோன்பு திறந்தாங்களோ, அவங்க நேத்து நோன்பு கூடலை. ஒரு நோன்பு களா வெச்சிடுங்க. ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டேன்.”

சலசலப்பு எழுந்தது. ‘இன்னாய்யா இது’ என்றார் ஒருத்தர். ‘என் பொண்ணு வெச்ச மொத நோன்பே நேத்துதான், மாலையெல்லாம் போட்டோமே’ என்றார் இன்னொருத்தர். இரண்டாவது வரிசையிலிருந்து பரீத் பாய் கையைத் தூக்கினார்.

“தெரியாம நடந்துட்டுது, விடுங்கப்பா. மனுசன்தானே. பதினோரு வருசமா ஒரு தப்பு பண்ணல. ஒரு நோன்புதானே, வெச்சுக்கலாம்.”

சத்தம் அப்படியே தணிந்தது. சிலர் தலையை ஆட்டினார்கள். முத்தவல்லிக்கு மூச்சு வந்தது. மைக்கை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டார். அதோடு முடிந்துவிடும். மன்னிப்பும் கிடைத்துவிட்டது, பேரும் கெடவில்லை. தஸ்தகீர் மைக்கைக் கொடுப்பதற்கு நீட்டிவிட்டான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பரீத் பாயின் வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டானே.

“தெரியாம இல்ல,” என்றான். “ஆரம்பிக்கும்போது தெரியாது. பாதியில தெரிஞ்சுடுச்சு. போன்ல ஒருத்தர் எழுதியிருந்தார், படிச்சேன். நிறுத்தியிருந்தா கொஞ்சம் பேர் நோன்பாவது தப்பிச்சிருக்கும். லைவ்ல அத்தனை பேரு பாத்துக்கினு இருந்தாங்க. அசிங்கமாப் போயிடும்னு முழுசும் சொல்லி முடிச்சேன். அந்தக் கமெண்டையும் அழிச்சிட்டேன்.”

ஒவ்வொன்றாகக் கைப்பேசிகள் மேலே எழுந்தன. பத்து, இருபது, நாற்பது. தொழுத பாயின் மேலேயே நின்றுகொண்டு அவனைப் படம் பிடித்தார்கள். அஸர் தொழுகை நேரத்துக்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. அவன் சொன்ன பாங்கு எதற்கும் வராத கூட்டம் அதற்கு வந்தது. ‘போலி மோதினார்’ என்று தலைப்பு வைத்தவர்களும் உண்டு. தஸ்தகீர் அதைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தை அழித்துவிட்டு, கைப்பேசியை அணைத்து பல்கீஸிடம் கொடுத்துவிட்டான். மறுநாளே வேறு ஆள் பாங்கு சொல்ல வந்தார். முத்தவல்லி நேரில் வந்து சொல்லக்கூட இல்லை.

வேலை போனது கவலைதான். ஆனால் அதைவிடப் பெரிய கவலை பரீத் பாய். அன்றைக்கு அவர் அவனைப் பார்க்காமலே பள்ளியை விட்டுப் போனார். பெருநாளைக்கும் கட்டித் தழுவவில்லை. தஸ்தகீரே அவர் வீட்டுக்குப் போனான்.

“பரீத் பாய், என்ன மன்னிச்சிடுங்க.”

“மன்னிக்கிறது அல்லா வேலை. என் வேலை மூட்ட தூக்கறது,” என்றார் அவர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். “வர்ற திங்கக்கெழம களா வெக்கப் போறேன். கமிட்டில லோடு இருக்குது. அன்னைக்கு என் மூட்டய நீ தூக்கு.”

திங்கட்கிழமை தஸ்தகீரும் நோன்பு வைத்துக்கொண்டுதான் போனான். அவனும் ஒரு களா பாக்கி வைத்திருந்தானே. முதல் மூட்டையிலேயே முழங்கால் மடிந்தது. மேஸ்திரி தனகோட்டி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். “இன்னா பாய், நீ தூக்காம யாரக் கூட்டியாந்துக்கிற? இது மூட்ட தூக்குற ஒடம்பா?” என்று சிரித்தார். பரீத் பாய் சிரிக்கவில்லை. மூட்டையைத் தூக்கி விடும்போது மட்டும் கீழே ஒரு கை கொடுத்தார்.

பதினெட்டு மூட்டை. பத்தொன்பதாவதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொண்டை காய்ந்து எச்சில்கூட ஊறவில்லை. ஒவ்வொரு மூட்டை ஏறும்போதும் அந்த மனிதர் நோன்போடு இப்படித்தானே இரண்டு லாரி ஏற்றினார் என்று நினைத்தான். தண்ணீர் குடிக்கிற பானையைப் பார்க்காமல் நடப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வேறு எந்த நினைப்பும் வரவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு ஒரு பகல் முழுக்க அவன் மனசு ஒரே இடத்தில் நின்றது.

சாயங்காலம் லாரி கிளம்பிய பிறகு இரண்டு பேரும் சாக்குக் குவியல் மேல் உட்கார்ந்தார்கள். பரீத் பாய் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து ஒன்றை அவன் கையில் வைத்தார். அவர் கையால் கிடைத்த அது ஒன்றே அவனுக்குப் போதுமாக இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து நடுவில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் புது மோதினாரின் குரல் தெருப் பள்ளியிலிருந்து எழுந்தது. நிதானமான குரல்.

தஸ்தகீர் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயருகே கொண்டுபோனான். பரீத் பாய் கொண்டுபோகவில்லை. பழம் அவர் விரலிலேயே இருந்தது. வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, எழுந்து, கமிட்டி ஆபீஸ் ஜன்னலுக்கு நடந்தார். கம்பிக்குள் முகத்தை வைத்து உள்ளே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே திரும்பி மலையைப் பார்த்தார்.

“ஆயிடுச்சு பரீத் பாய்,” என்றான் தஸ்தகீர். “டைம் ஆயிடுச்சு.”

“தெரியுது. இருந்தாலும் பஜார் பள்ளியிலயும் சொல்லட்டும்,” என்றார் அவர்.

தஸ்தகீர் பழத்தைக் கீழே இறக்கினான். இரண்டு பேரும் திறந்த பாட்டிலுக்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தார்கள்.